மாவிளக்கு பிசைந்த கை

தென்காசி,
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மூர்த்தி எழுதுவது. வீட்டில் ஆனந்தவள்ளியும் மகள் ஜெயசித்ராவும் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரம். ஆனால் உன் வாசலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய். என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். தபால்காரர் ஏசுவடியானை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்பு. மாட்டுப் பொங்கல் அன்று நீ தயிர்ச்சோறு பிசைந்து ஜெயசித்ராவுக்கு உருட்டிக் கொடுத்தபோது நான் உன் கையைத் தட்டிவிட்டேன். பத்துப் பேர் பார்க்க உருண்டை தரையில் விழுந்தது. கையைக் கழுவிவிட்டுச் செருப்பைக்கூட மறந்து பஸ் ஏறிப் போய்விட்டாய். அந்தச் செருப்பு இங்கேதான் இருக்கிறது. ஆனந்தவள்ளி துடைத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

தட்டிவிட்டது தப்பு. ஆனால் காரணம் இல்லாமல் தட்டவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், 2022 கார்த்திகையில் உனக்கு டைபாய்டு வந்தது. நாலு நாள் மாத்திரை தின்றாய், காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் போட்டுவிட்டு மெஸ்ஸைத் திறந்துவிட்டாய். சிலருக்குக் காய்ச்சல் போன பிறகும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாது, அக்கா. பித்தப்பையில் போய்த் தங்கிக்கொள்ளும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, நன்றாகத்தான் நடமாடுவார்கள். ஆனால் மலத்தில் வெளியே வரும் கிருமி கையில் ஒட்டி, கையிலிருந்து சாப்பாட்டில் இறங்கி, அடுத்தவர்களைப் படுக்கவைத்துவிடும். நீ அப்படி ஒருத்தியாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

திருநெல்வேலியில் ஒரு லேபில் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு வேறு நாளில் மூன்று தடவை மலம் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கிருமி தினமும் வெளியே வராது, அதனால்தான் மூன்று. வரும் மே ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நம் ஊர் முப்பிடாதி அம்மன் கோவில் கொடைத் திருவிழா. வழக்கம்போல மூத்த பெண் என்று நீதான் மாவிளக்கு மாவு பிசைவாய். அதற்கு முன் முடிவு தெரிந்தாக வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி,
மந்திரமூர்த்தி

---

குற்றாலம்,
8.3.2025

தம்பி மந்திரமூர்த்திக்கு,

அக்கா ஆவுடைத்தாய் எழுதுவது. உன் கடிதம் வந்தது. ஏசுவடியான் அதை என் கையில் கொடுத்துவிட்டு, ‘தென்காசியில இருந்து இங்கன லெட்டரா?’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்ற தாய்க்குப் பிறகு உன்னைக் கழுவித் துடைத்து வளர்த்தவள் நான். உனக்கு இப்போது என் கை அழுக்காகிவிட்டது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. ஊர் ஊராகக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் போட்டு, உனக்குப் பார்க்கும் இடமெல்லாம் கிருமியாகத் தெரிகிறது போல.

நான் எப்படி மாவு பிசைவேன் என்று உனக்குத் தெரியாதா? கொடைக்கு முன் மூன்று நாள் விரதம். ஒருவேளைச் சாப்பாடு. தினமும் இரண்டு குளியல், மஞ்சள் தேய்த்து, ஈரச் சேலையோடு. சோப்பில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்பதால் அந்த மூன்று நாளும் சோப்பைக்கூடத் தொடமாட்டேன். அம்மன் காரியத்துக்கு அவ்வளவு சுத்தம் பார்ப்பவள் நான். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு முதல் நாள் சாயங்காலம் பிசைந்து, துணி போட்டு மூடினால் மறுநாள் படைக்கிற வரைக்கும் வேறொருத்தர் கை படவிடமாட்டேன். அம்மாவுக்குப் பிறகு பதினேழு கொடை நான்தான் பிசைந்திருக்கிறேன்.

போன வருஷம் கொடை முடிந்து ஊரில் பதினாலு பேருக்குக் காய்ச்சல் வந்தது உண்மைதான். அதற்குக் காரணம் ஐஸ்காரர் ஆதம் விற்ற குச்சி ஐஸ் என்று கோவில் மைக்கைப் பிடித்துச் சொன்னது யார்? நீதான். அந்த மனுஷரை ஊருக்குள் சைக்கிள் மிதிக்கவிடாமல் செய்தீர்கள். ஆவணியில் பாண்டிராஜ் மகள் காளீஸ்வரி போய்ச் சேர்ந்தாளே, அந்தப் பிள்ளைக்கும் ஊருக்கு வெளியே பள்ளிக்கூடத்து வாசலில் வாங்கின ஐஸ்தான் என்று நீயே சொன்னாய். இன்றைக்கு அது ஐஸ் இல்லை, அக்கா கை என்கிறாய். எதை நம்புவது?

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியாக ஜெயசித்ரா காய்ச்சலில் கிடந்த இருபத்து மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் இருந்தவள் நான். என் கையால் அவளுக்கு ஆகாது என்று நீ சொன்னதை அவள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

இன்னும் மூன்று மாதத்தில் சாரல் தொடங்கிவிடும். இந்தப் பேச்சு வெளியே கசிந்தால் எங்கள் மெஸ்ஸில் ஒரு ஈ உட்காராது. உன் அத்தான் கல்லாவில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் எங்கும் எதையும் டப்பாவில் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது விலாவுக்குக் கீழே மட்டும் சில நாள் பிடித்துக்கொள்கிறது, முதுகு வரைக்கும் இழுக்கிறது. வாயுதான். இஞ்சிச் சாறு குடித்தால் சரியாகிவிடும்.

ஜெயசித்ராவுக்கு நெய் உருக்கி வைத்திருந்தேன். அனுப்பலாமா வேண்டாமா என்று நீயே சொல். அதிலும் கிருமி இருக்கும்.

ஆவுடைத்தாய்

---

தென்காசி,
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நெய்யை அனுப்பு. கொதித்து இறங்கின பண்டத்தில் இந்தக் கிருமி நிற்காது. உன் மெஸ்ஸில் சூடாகப் பரிமாறுகிற இட்லியிலும் சாம்பாரிலும் பயமில்லை. வேகாமல், கையால் தொட்டுப் பிசைகிற எதிலும்தான் பயம். கையால் வழிக்கிற துவையலை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போகிறது. சாரலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போனவர்களில் யார் யார் படுத்தார்கள் என்று எங்கே போய்த் தேடுவது?

நீ அழுக்கானவள் என்று நான் சொல்லவில்லை. உன்னைப்போல் சுத்தம் பார்க்கிற ஆள் நம் சொந்தத்தில் கிடையாது. ஆனால் உன் விரதத்தைப் பற்றி நீ எழுதினதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார். மற்ற நாளில் வெளிக்குப் போய்விட்டு வந்து சோப்பு போட்டுத்தான் கை கழுவுகிறாய். அந்த மூன்று நாள் மட்டும் வெறும் தண்ணீர். தண்ணீர் ஊற்றினால் அழுக்கு போகும், நக இடுக்கில் நிற்கிற கிருமி போகாது. அந்தக் கையால் பச்சை மாவைப் பிசைகிறாய். மாவில் ஈரம் இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. சித்திரை வெக்கையில் ராத்திரி முழுக்க மூடி வைக்கிறாய். மறுநாள் யாரும் வேகவைக்காமல் அப்படியே உருட்டி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கிருமி வளர இதைவிட வசதி வேண்டியதில்லை.

சந்தேகத்துக்கு நான் வைத்திருக்கும் ஆதாரத்தையும் பார். போன வருஷம் வீடு வீடாகப் போய் விசாரித்து என் நோட்டில் எழுதின பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்த பதினாலு பேரில் ஐஸ் சாப்பிட்டவர்கள் ஐந்தே பேர். குழாய்த் தண்ணீர் ஊர் முழுக்க ஒன்றுதான். ஆனால் பதினாலு பேரும் மாவு சாப்பிட்டிருக்கிறார்கள். கீழத்தெருவில் மூன்று வீடு இறப்புத் தீட்டில் இருந்ததால் கோவிலுக்கு வரவில்லை, பிரசாதமும் வாங்கவில்லை. அவர்களும் அதே தண்ணீரைக் குடித்தார்கள். அந்தப் பிள்ளைகளும் அதே ஆதமிடம் ஐஸ் வாங்கித் தின்றன. அந்த மூன்று வீட்டிலும் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

கோபப்படு, திட்டு. ஆனால் போய்க் கொடுத்துவிட்டு வந்து திட்டு. விலாவுக்குக் கீழே வலி என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் பித்தப்பை இருக்கிறது. ஒரு ஸ்கேனும் எடுத்துக்கொள்.

தம்பி,
மூர்த்தி

---

குற்றாலம்,
29.3.2025

தம்பி மந்திரமூர்த்திக்கு,

ஆஸ்பத்திரி அதிகாரிக்கு வணக்கம். நீ சொன்ன லேபுக்கு நான் போகவில்லை. உனக்குத் தெரிந்த இடம் என்றால் நீ சொல்கிறபடிதான் முடிவு வரும். உன் அத்தானுக்குத் தெரிந்த கம்பவுண்டர் கணேசமூர்த்தியிடம் கேட்டு, திருநெல்வேலியிலேயே வேறொரு லேபுக்குப் போனேன். இரண்டு தடவை.

அந்த டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு ஆலங்குளம் வழியாக பஸ்ஸில் உட்கார்ந்து போனதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். பக்கத்தில் இருந்தவள் பையைக் காட்டி, ‘சாப்பாடாக்கா?’ என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டிலும் ஒன்றுமில்லை. கிருமி இல்லை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். நீ அனுப்பின நோட்டுப் பக்கத்துக்கு இது பதில்.

உன் அத்தான் பேப்பரை மூன்று தடவை படித்தார். ‘போதும், வுடு. பெறந்த வீட்டுக்காரன்தானே’ என்றார். எனக்கு விட மனசில்லை. உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து என் கையை நானே மோந்து பார்க்கிறேன். துவையல் அரைக்கப் போனால் கை நின்றுவிடுகிறது. மாஸ்டரை அரைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். இதெல்லாம் நீ கொடுத்த வரம்.

ஏப்ரல் கடைசியில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டுகிறார்கள். அரிசிக்குச் சொல்லியாகிவிட்டது. நான் வருவேன், விரதம் இருப்பேன், பிசைவேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் நீ சாப்பிடாதே. உன் மகளிடம் அவள் இஷ்டத்தைக் கேள்.

ஆவுடைத்தாய்

---

தென்காசி,
1.4.2025

அக்கா,

இரண்டு தடவை போய்க் கொடுத்ததற்கு உன் காலில் விழ வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் மூன்றாவதையும் கொடுத்துவிடு. இந்தக் கிருமி ஒரு நாள் வரும், பத்து நாள் வராது. இரண்டு தடவை இல்லை என்றால் அந்த இரண்டு நாள் இல்லை என்றுதான் அர்த்தம். நீ பிசைகிற அன்றைக்கு வந்துவிட்டால்?

இந்த வருஷம் கூட்டம் அதிகம். புளியறையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் சம்பந்திமார் வீட்டு ஆட்கள் வருகிறார்கள். குறைந்தது முந்நூறு உருண்டை. சின்னப் பிள்ளைகள் மட்டும் எழுபது, எண்பது வரும். மூன்றாவதும் இல்லை என்று வந்துவிட்டால் உன் வாசலில் வந்து நின்று, ஊர் பார்க்க உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முதல் உருண்டையை உன் கையால் நானே வாங்கிச் சாப்பிடுகிறேன்.

ஒரே ஒரு டப்பா, அக்கா.

மூர்த்தி

---

குற்றாலம்,
16.4.2025

தம்பி மூர்த்திக்கு,

இருக்கிறது.

மூன்றாவதில் இருக்கிறது. ஸ்கேனில் பித்தப்பையில் இரண்டு கல். அந்தக் கல்லில் கிருமி குடியிருக்கும், மாத்திரையால் மட்டும் கிளப்ப முடியாது, பையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். அதற்கு முன்னும் பின்னும் மாத்திரை. அதன் பிறகு மறுபடி மூன்று டப்பா. அதுவரைக்கும் வேகாத எதிலும் கை வைக்கக் கூடாதாம். அவர் இளவயசு. என்னைத் திட்டவில்லை, ‘நீங்க ஒண்ணும் தப்பு செய்யலம்மா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றுதான் சொன்னார்.

திரும்பி வந்ததும் மெஸ் அடுக்களைக்குள் நான் போகவில்லை. இனி இலை போடுவதும் தண்ணீர் வைப்பதும் மாஸ்டர் பாடு. உன் அத்தானிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உதறிவிட்டேன். அவர் மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நீ அனுப்பின நோட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதலில் வந்தபோது கோபத்தில் பெயர்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது முழுக்கப் படித்தேன். பதினாலு பேர், மூன்று தீட்டு வீடு, எல்லாம் நீ சொன்னபடிதான். கடைசியில் ‘மா. வி. மாவு?’ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே ‘அக்கா — 2022 டைபாய்டு’.

பக்கத்தின் மேலே தேதி போட்டிருக்கிறாய், தம்பி. 14.6.2024.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நம் ஊர்த் தெரு அம்மன் கோவிலில் நான்தான் மாவு பிசைந்தேன். அது ஆகஸ்டு பதினாறு. நீயும் வந்திருந்தாய். தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். காளீஸ்வரி வந்து கை நீட்டினாள். ஒன்று வாங்கித் தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டாள். நான் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பிள்ளைக்குக் குடல் ஓட்டையாகிப் போய்விட்டது. எட்டு வயசு.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். நீ தூணில் சாய்ந்து நின்றபோது உனக்குத் தெரியுமா?

ஆவுடைத்தாய்

---

தென்காசி,
19.4.2025

அக்கா,

தெரியும்.

நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம் இருந்தது. இப்படி எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். சந்தேகம் இருந்தால் போதும் என்றுதான் என் வேலையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கே கிணற்றை மூடுகிறோம். சந்தேகத்துக்கே கடையைப் பூட்டுகிறோம். அக்காவிடம் மட்டும் என்னால் முடியவில்லை.

ஜூன் பதினாலாம் தேதி அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் நோட்டை மூடினேன். மறுநாள் அறிக்கையில் ஐஸ் என்று எழுதினேன். ஆதம் அயலூர்க்காரர், இந்த ஊரில் அவருக்காகப் பேச ஆள் கிடையாது. எனக்கு அது சுலபமாக இருந்தது. கொடையில் மூத்த பெண்ணாக நீ முன்னால் நிற்பது ஒன்றுதான் உனக்குப் பிறந்த வீட்டில் மிச்சமிருக்கிற மரியாதை. ஊர் வாயில் உன் பெயர் விழுந்துவிடக் கூடாது, மெஸ் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த கொடைக்கு ஒரு வருஷம் இருக்கிறது, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆடி வெள்ளியை நான் யோசிக்கவே இல்லை. கோவிலுக்கு வந்து நீ மாவு நிறைந்த குத்துப்போணியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். நாற்பது பெண்கள் சுற்றி நின்றார்கள். குலவை போட்டார்கள். நான் சாப்பிடவில்லை, அக்கா. ஜெயசித்ராவை வரவிடவில்லை. என் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

காளீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்ததும் ஓடியிருக்கலாம். ஆறு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தபோது வயிறு கல்லாக வீங்கிவிட்டது. திருநெல்வேலிக்கு நான்தான் ஆம்புலன்ஸில் கூடப் போனேன். அவள் தாய் ரெங்கம்மாள், ‘எதுனால சார் வந்துச்சு?’ என்று கேட்டாள். ஐஸ் வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஆமா என்றாள்.

மாட்டுப் பொங்கலுக்கு உன் கையைத் தட்டிவிட்டது கிருமிக்குப் பயந்து இல்லை. காளீஸ்வரி ஞாபகம் வந்தது. ஏழு மாதமாக எனக்குள் கிடந்து அழுகினது அன்றைக்கு உன் கையில் போய் விழுந்துவிட்டது.

நேற்று புதிதாக அறிக்கை எழுதி மேலே அனுப்பிவிட்டேன். பழைய அறிக்கை தப்பு, அது நான் தெரிந்தே எழுதினது என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வேலை போகலாம், போகட்டும். ஆதம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை பதில் போடு. திட்டியாவது போடு.

மூர்த்தி

---

தென்காசி,
28.4.2025

அக்கா,

பதில் இல்லை. ஏசுவடியானை வழியில் பார்த்தேன். கடிதம் கொடுத்தாயிற்று, அம்மா கையில்தான் கொடுத்தேன் என்றார்.

நேற்று கால் நாட்டியாகிவிட்டது. கோவிலில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். பெரியக்கா எப்போது வருவாள், அரிசி ஊறவைக்க வேண்டாமா என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழக்கம்தானே.

வருவாயா? வரவில்லை என்றால் நானே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

மூர்த்தி

---

குற்றாலம்,
8.5.2025

மூர்த்திக்கு,

கொடைக்கு நான் வந்ததை நீ பார்த்தாய். நான் உன்னைப் பார்க்காததையும் பார்த்திருப்பாய். நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய்விட்டேன். கோவிலில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து நானே சொன்னேன். எனக்கு இன்ன கிருமி இருக்கிறது, போன வருஷக் காய்ச்சல் என் மாவால் வந்தது, ஐஸால் இல்லை. இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருத்தி, ‘அம்மன் குத்தமா இருக்கும்க்கா’ என்றாள். அம்மன் மேல் போடாதே, குற்றம் சோப்பு போடாத என் கையில்தான் என்றேன். விரதத்தில் சோப்பு ஆகாது என்று நான் பிடித்த பிடிவாதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பழகியிருக்கிறார்கள். அதை நான்தானே அவிழ்க்க வேண்டும்.

மாவை இந்த வருஷம் ஆனந்தவள்ளி பிசைந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவவைத்தேன். காலையில் பிசைந்து, விளக்கு ஏற்றிப் படைத்த பிறகு இட்லிக் கொப்பரையில் அவித்துத்தான் கொடுத்தோம். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் சூடாக இருக்கிறது என்று ஊதி ஊதித் தின்றன. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அழுகை வந்தது, அழுதேன். ஜெயசித்ரா வந்து என் கையைப் பிடித்து அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம் நம் இரண்டு பேருக்கும் இல்லை.

நீ என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். ஜூனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன், ஒரு வருஷம் பேசாமல்கூட இருந்திருப்பேன். இப்படிப் பேசாமல் இருந்தவள்தானே, கடைசியில் டப்பா கொடுக்கப் போகவில்லையா? காளீஸ்வரி மூன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்குப் போயிருப்பாள். என் கையில் கிருமி இருந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார், அதை நம்பி நான் எழுந்து நடமாடுகிறேன். நீ எதை நம்பி நடமாடுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது. உன்னை நினைத்தால் மனசு கிடந்து தவிக்கிறது. இரண்டும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாரும் கோவிலில் இருந்தபோது நான் ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் கோவிலுக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை நான் பேசினதும் அவள் காதுக்குப் போகவில்லை. யாரும் அவளிடம் சொல்லத் துணியவில்லை. இலையும் தூளும் பரப்பின சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் மாவுதான் என்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு பீடியைச் சுற்றி, மடக்கி, நூல் கட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

‘அப்பம் ஐஸ் இல்லையா?’ என்றாள்.

‘ஐஸ் இல்லட்டி. என் மாவுதான்.’

‘ஐஸ் வாங்கித் திங்காதன்னு இன்ஸ்பெக்டர் சார் மைக்குல சொன்னாவளே. கேக்காம நான்தானே அவளுக்கு வாங்கிக் குடுத்தேன். அழுதாளேன்னு வாங்கிக் குடுத்தேன். எட்டு மாசமா அந்த நெனப்புலதான் கெடக்கேன்.’

அதற்குப் பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பாண்டிராஜ் எட்டு மாதமாக அவள் கையால் வாங்கிச் சாப்பிடுவதில்லையாம். பிள்ளையைக் கொன்றவள் என்று குடித்துவிட்டு வந்து சொல்வானாம். பாவம் நம் இரண்டு பேரோடு நின்றது என்று நினைத்திருந்தேன், தம்பி. நம் இரண்டு பேர் பாவத்தையும் ஒரு தாய் தன் தலையில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அழுது முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள். ‘இன்ஸ்பெக்டர் சாருக்கும் தெரியாமத்தானே இருந்துச்சு?’

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கை நான் சொன்னால் அது கோள். அதனால், ‘மிச்சத்தை என் தம்பி வந்து சொல்லுவான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாசல் வரைக்கும் வந்தாள். ‘எப்பம் வருவாவ?’ என்றாள்.

பாண்டிராஜ் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அவனும் இருக்கும்போது போ. தனியாகப் போ. உன் நோட்டை எடுத்துக்கொண்டு போ, அந்தப் பக்கத்தைத் தேதியோடு காட்டு.

என் செருப்பை ஆனந்தவள்ளி கொண்டுவந்து கொடுத்தாள். போட்டுக்கொண்டுதான் வந்தேன். நேற்று ஊரிலிருந்து கிளம்பும்போது ஜெயசித்ராவைக் கூப்பிட்டு, போனில் உன் நம்பரைத் திறந்துவிடச் சொன்னேன். திறந்திருக்கிறது. பத்தொன்பதாம் தேதி என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது வெளியே நீ நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது.

ரெங்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து கூப்பிடு. அதற்கு முன்னால் அடித்தால் எடுக்கமாட்டேன்.

அக்கா,
ஆவுடைத்தாய்